தலையாரி வீட்டுப் பொட்டலம்

"பக்கம் பத்தலைங்கய்யா" என்றுதான் சொன்னேன். பொய். மலரில் ஒரே நகைக்கடை விளம்பரம் அச்சகத்தார் குளறுபடியில் இரண்டு இடத்தில் வந்திருந்தது. பெரியவர் பக்கம் புரட்டும்போது இரண்டு முறையும் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கஜா புயல் அடித்ததற்கு மறு வருடம் அது. வேதாரண்யம் வட்டார வரலாற்று மலரில் என் பங்கு 12 பக்கம். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த திருமறைக்காட்டுக் கதவு, தாயுமானவர், கோடியக்கரையில் 2004 சுனாமியோடு போன சோழர் காலக் கலங்கரை விளக்கம், அகஸ்தியம்பள்ளி வரை ஓடி நின்றுபோன மீட்டர் கேஜ் ரயில். இதையெல்லாம் எழுத எனக்கு இரண்டு நாள் போதும். உப்பு சத்தியாகிரகத்துக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கி, "புதுசா ஏதாவது கேட்டு எழுதுங்க, சும்மா ஏற்கெனவே இருக்கறதையே போடாதீங்க" என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்தப் பெரியவரிடம் போனேன். உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். 1930இல் அவருடைய தாத்தா, சத்தியாகிரகிகள் நடந்துபோன பாதையில் ஒரு கிராமத்துத் தலையாரி, அதாவது அரசாங்கத்துக்கு ஊர்க்காவல் ஆள்.

அந்த வருடத்துக் கதை எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். 28ஆம் தேதி வேதாரண்யம். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதாகிறார். நடுவில் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை என்று அறிவிக்கிறார். கையில் கொடுத்தால்தானே குற்றம் என்று, ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

பெரியவர் முதலில் அதையேதான் சொன்னார். அப்புறம் வடை வைத்திருந்த செய்தித்தாளை எடுத்து மடித்து, வாசலில் கிடந்த சணலால் ஒரு பொட்டலம் கட்டிக் காட்டினார். சுருக்கு முடிச்சு. வால் நுனியைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. "வாழைநார்ல இப்படித்தான் கட்டியிருந்தாங்களாம். இருட்டுல, ஒரு கையால அவுக்கணும்ல" என்றார்.

கட்டியவர் வீட்டுக் கதை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 'அவுக்கணும்' என்ற சொல்லில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தாத்தாவுக்கு உத்தரவு தம்பி. மரத்துல என்ன தொங்கினாலும் அவுத்துக் கொண்டாந்து ஒப்படைக்கணும். அவுத்தாரு. ஆனா ஒப்படைக்கல." சிரித்தார். "வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. எங்க அப்பாவுக்கு அப்ப ஏழு வயசு. அன்னைக்குத்தான் வயிறு நிறையப் புளிச்சோறு தின்னேன்னு சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. எழுதுங்க தம்பி. இதுவும் நடந்ததுதானே."

எழுதுகிறேன் என்றேன். குறிப்பேட்டில் எழுதியும் கொண்டேன்.

மலரில் வரவில்லை. குழுவில் யாரும் நீக்கச் சொல்லவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களிடம் நான் காட்டவே இல்லை. ஒரே ஒரு சாட்சி, அதுவும் தகப்பன் சொல்லிக் கேட்ட பேச்சு, ஆதாரம் கிடையாது, சின்ன ஊர், பெயர் போடாவிட்டாலும் யார் வீடு என்று தெரிந்துவிடும், நாளைக்குப் பேரப்பிள்ளைகளை யாராவது கேலி பேசினால் என்ன செய்வது? இப்படி வரிசையாகக் காரணம் வைத்திருந்தேன். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அதே நாலு பக்கத்தில் வைரப்பன் இருக்கிறார். பாதிச் சவரத்தில், உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்ட நாவிதர். அதற்கு நான் எந்த ஆதாரமும் தேடவில்லை. ஊரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது, எழுதிவிட்டேன். தலையாரிக்கு யார் தூண் வைப்பார்கள்? ஆதாரம் என்று நான் சொன்னதெல்லாம் சும்மா. மலர் முழுக்க ஒரே மாதிரி வீரமாக இருந்தது, இந்தப் புளிச்சோறு மட்டும் நடுவில் வேறு வாடை அடித்தது. அதுதான் விஷயம் என்று சில ராத்திரிகளில் தோன்றும். மறுநாள் காலையில் அவ்வளவு உறுதியாகத் தோன்றாது.

மலரைக் கொடுக்கப் போனபோது அந்த நாலு பக்கத்தையும் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். வீட்டுக்குப் பின்னால் கஜாவில் சாய்ந்த மாமரத்தின் வேர்க்கட்டை இன்னும் அப்படியே மல்லாந்து கிடந்தது. சாலையில் அந்தப் பழைய புளியமரங்களும் அந்தப் புயலோடு போய்விட்டதாக முன்பு சொல்லியிருந்தார். படித்து முடித்துவிட்டு, "மரம் இருக்கு. பொட்டலம் இருக்கு" என்றார். அப்போதுதான் நான் பக்கம் பத்தவில்லை என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன் தம்பி. தாத்தா அதை வீட்டுக்குக் கொண்டாரல. அளத்துல உப்பு வாருற பொம்பளைங்களுக்குக் கொடுத்துட்டாரு. அப்பாவும் அதைத்தான் சொல்வாரு. அடுத்த பதிப்புல இப்படிப் போடலாம்ல?"

தலையை ஆட்டினேன். இரண்டு பிரதி கேட்டார், பேத்திக்கு ஒன்று. கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

பேருந்தில் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பார்த்தாயா, கதை மாறுகிறது, போடாதது நல்லதாயிற்று என்று. திருத்துறைப்பூண்டி வருவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. முதலில் சொன்னதில் ஏழு வயதுப் பையன் இருந்தான், புளிச்சோறு இருந்தது, சிரிப்பு இருந்தது. இரண்டாவதில் அது எதுவும் இல்லை. அது அச்சில் ஏறக்கூடிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நான் எழுதிய நாலு பக்கத்தை விரல் வைத்துப் படித்துவிட்டு, அதற்குள் இடம் பிடிக்க எப்படிப்பட்ட தாத்தா வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டாரா? அல்லது நிஜமாகவே முதல் நாள் வாய் தவறியதா? வயதானவர்களுக்கு இரண்டு கதை ஒன்றாகக் கலப்பது நான் பார்க்காததல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, இது தொழில் குறை. தொண்டர்கள் அந்த மரத்தைக் கடந்து போவதற்கு முன்பு அவிழ்த்தாரா, போன பிறகு மிஞ்சியதை அவிழ்த்தாரா? நான் கேட்கவே இல்லை. முன்பு என்றால் நடந்து களைத்தவர்கள் வாயிலிருந்து எடுத்த சோறு. பின்பு என்றால் காக்கைக்குப் போக வேண்டியது ஒரு பிள்ளை வயிற்றுக்குப் போனது. முதல் நாள் மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் ஞாபகம் இருந்தது, வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

இப்போது மறுபதிப்பு போடுகிறார்களாம், திருத்தம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். புளிச்சோறு வரிக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே அவருடைய தொலைபேசி எண். திருத்தத்தை இன்னும் அனுப்பவில்லை.