கண்ணாடிக்கு முதுகு காட்டிய நாற்காலி

முடி திருத்தும் கடையில், பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. கொத்துக் கொத்தாக முடி உதிர்வதால் மொத்தமாக எடுத்துவிடலாம் என்று வந்திருந்தார்.

முடி திருத்தும் பெண் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை மெல்லத் திருப்பி, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி வைத்தார்.

"நீங்க சொல்லும்போது திருப்புறேன்மா. அதுவரைக்கும் பார்க்க வேண்டாம்."

மெஷின் ஓடியது. நடுவில் அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. உடனே மெஷினை நிறுத்திவிட்டு, பாதி மழித்த தலையில் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றார். காத்திருந்த யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம், அந்த அம்மா எழுந்திருக்கும் முன்பே தரையில் கிடந்த முடியைக் கூட்டி எடுத்துவிட்டார். அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நம் தலையைத் தொட எத்தனை பேரை விடுகிறோம்? அந்தக் கை பட்டதும் மனசு இளகிவிடுகிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் இதை உணர்ந்திருக்கிறது. குடும்ப வன்முறையின் அறிகுறிகளைக் கண்டுகொள்ள, முடி திருத்துபவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியை 2017 முதல் கட்டாயமாக்கியது அங்குள்ள சட்டம்.

சரி, இத்தனையும் கேட்பவர் தன் பாரத்தை எங்கே இறக்கி வைப்பார்?

அந்த அம்மா போனதும், முடி திருத்தும் பெண் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அடுத்து நீங்கதானே, வாங்க."

"நீங்க முதல்ல கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றேன்.