வாடகை அக்ரிமெண்டில் ‘எந்த நேரத்திலும்’ என்ற வார்த்தை

பெங்களூரில் அக்ரிமெண்ட் பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறின பிறகுதான் கண்ணில் படும். 25,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாசக் கணக்கில் இரண்டரை லட்சம் ஓனரிடம் போய்விட்டால், அப்புறம் எந்த வரியை மாற்றச் சொன்னாலும் “எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான்” என்பார் ப்ரோக்கர். டோக்கன் கொடுக்கும் முன்பே ட்ராஃப்டை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, முதலில் ஓனர் வீட்டுக்குள் வருவதைப் பற்றிய வரியைத் தேடுங்கள்.

‘ஓனரோ அவருடைய ஆளோ எந்த நேரத்திலும் வந்து பார்வையிடலாம்’ என்று இருந்தால் அதை விடவே கூடாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, வாடகை ஒழுங்காகக் கொடுப்பவர் தொந்தரவில்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்கிறது. ஓனர் பார்வையிட ‘நியாயமான நேரங்களில்’ மட்டும் வரலாம் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாதவரை’ என்றுதான். சட்டம் கொடுத்த பாதுகாப்பை நாம் போடும் கையெழுத்தே பலவீனமாக்கிவிடும். கர்நாடக வாடகைச் சட்டம், 1999 கைகொடுக்குமா என்றால், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அது பொருந்தாது. இன்று அல்சூரில் ஒற்றை ரூமுக்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

மாற்று வாசகத்துக்கு, மாநிலங்களுக்கு முன்மாதிரியாக மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். மாநில அரசு சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் அதிலுள்ள வரிகளை அக்ரிமெண்டில் எழுதிக்கொள்ளத் தடையில்லை: 24 மணி நேரம் முன்னதாக எழுத்திலோ மெசேஜிலோ சொல்ல வேண்டும், நாள், நேரம், காரணம் குறிப்பிட வேண்டும், சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் வரக் கூடாது. ‘தண்ணீர் கசிவு, தீ போன்ற அவசரம் தவிர’ என்று நீங்களே சேர்த்துவிட்டால் ஓனருக்கும் மறுக்கக் காரணம் இருக்காது.

அடுத்தது சாவி. முன்பு குடியிருந்தவர், ப்ரோக்கர், பெயிண்டர் என்று எத்தனை பேரிடம் நகல் இருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. கைப்பிடியோடு சேர்ந்த பூட்டாக இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, சாவி நுழையும் பாகமான சிலிண்டர் மட்டும் போதும். கதவின் ஓரத்தில் தாழ் நாக்குக்குக் கீழே ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைக் கொஞ்சமாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். முழுக்கத் திருப்பினால் நடுவிலுள்ள பல் மாட்டிக்கொண்டு வராது. 60 மி.மீ.யா 70 மி.மீ.யா என்று அளக்காமல் வாங்காதீர்கள். நீளம் தவறினால் வெளியே துருத்தி நிற்கும், உடைக்கச் சுலபம். முன்கூட்டியே ஒரு மெசேஜ் போடுங்கள்: “சார், பூட்டு சிலிண்டர் மாத்திக்கிறேன். பழசு பத்திரமா இருக்கு, காலி பண்ணும்போது திரும்பப் போட்டுத் தரேன்.” சரி என்று பதில் வந்தால் அழிக்காதீர்கள்.

நோட்டீஸ் கொடுத்த மாசத்தில்தான் தொல்லை அதிகம். புது ஆட்களுக்கு வீடு காட்ட ப்ரோக்கர்கள் நேரம் காலம் பார்க்காமல் வருவார்கள். உங்கள் பீரோவும் குழந்தைகளும் தெரிய வீடியோ எடுத்து குரூப்பில் போடுவார்கள். இது மிக மோசம். சனி ஞாயிறு இரண்டு மணி நேரம், வீட்டார் முன்னிலையில், படம் எடுக்காமல் என்று அக்ரிமெண்டிலேயே எழுதுங்கள்.

ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். குறுக்கே ‘வாடகைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள்.

காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகை பிடிப்பது ஊர் வழக்கம், அதைப் பேசிக் குறைப்பதுதான் வழி. ‘லாக்-இன் முடியும் முன் போனால் முழு அட்வான்ஸும் போச்சு’ என்ற வரி வேறு விஷயம் (லாக்-இன் என்பது குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டிய காலம்). ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். அதற்காகக் கோர்ட்டுக்கு அலைவதைவிட ‘ஒரு மாச வாடகை’ என்று இப்போதே திருத்திவிடலாம். ஆள் இல்லாதபோது பூட்டு போட்டு வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

திருத்தங்களைப் புது பிரிண்ட்டில் வாங்குங்கள். பேனாவால் அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், அடித்தல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.