கேவி2.1 ஆன்டிபாடியை நம்புவதற்கு முன் நான் செய்து பார்த்தவை

மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல்களுக்கு மனிதர்களில் 40 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் புரதங்களில், செல் சவ்வுக்குள் பதிந்திருக்கும் பகுதிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய ஜாடை. அதனால் சுண்டெலி மூளையில் கேவி2.1 என்ற அத்தகைய சேனலைப் பார்க்க ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை ஒட்டிப் பிடிக்கும் மூலக்கூறு) தேடியபோது, அது புரதத்தின் எந்தத் துண்டுக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். அதன் நெருங்கிய உறவான கேவி2.2-இலிருந்து கேவி2.1 நன்றாக வேறுபடுவது சி-முனையில், அதாவது புரதச் சங்கிலியின் கடைசிப் பகுதியில். அந்த முனையைப் பிடிக்கும் கே89/34 என்ற மோனோகுளோனலை (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி) எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, முயலில் தயாரித்த ஒரு பாலிகுளோனலும் (பல ஆன்டிபாடிகளின் கலவை) கூடவே.

புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு மாதிரியைக் கொதிக்க வைக்கவில்லை. சவ்வை ஆறு முறை கடக்கும் புரதம் இது. கொதித்தால் திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும். மிதமான சூடு போதும்.

கணக்குப்படி எடை சுமார் 95 கிலோடால்டன்தான். ஆனால் பேண்ட் (புரதம் தெரியும் பட்டை) அதற்கு மேலே, அகலமாகப் பரவி வந்தது. மூளையில் இந்தச் சேனலில் ஏகப்பட்ட பாஸ்பேட்கள் ஒட்டியிருப்பதே காரணம். மாதிரியில் பாதியை பாஸ்பேட்டை நீக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியில் வைத்து மறுபடி ஓட்டினேன், பேண்ட் கீழே இறங்கியது. நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

பாலிகுளோனலில் இதே பேண்டோடு கீழே இன்னொன்றும் தெரிந்தது. ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட, அதனுடன் வந்த பெப்டைடைச் (புரதத் துண்டை) சேர்த்தால் இரண்டும் மறைந்தன. பலர் இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேறொரு புரதத்தைத் தவறாகப் பிடிக்கும் ஆன்டிபாடியையும் அதே பெப்டைடு தடுத்துவிடும். உண்மையான சோதனை, அந்த மரபணுவே இல்லாத நாக்-அவுட் எலியின் திசு. அதில் மேல் பேண்ட் காணாமல் போனது, கீழ் பேண்ட் அப்படியே நின்றது. பாலிகுளோனலை அத்துடன் ஒதுக்கிவிட்டோம். நாக்-அவுட் கிடைக்காதவர்கள், கேவி2.1-ஐயும் கேவி2.2-ஐயும் தனித்தனியாக ஹெச்ஈகே293 என்ற ஆய்வக மனித செல்களில் உருவாக்கிப் பார்க்கலாம். ஆன்டிபாடி கேவி2.2-ஐயும் குறுக்கே பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் திசு வெட்டுகள். சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடி என்பதால், கே89/34 சேர்ந்த ஐஜிஜி1 வகையை மட்டும் பிடிக்கும் செகண்டரியைப் (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி) பயன்படுத்தினேன். பின்னணி ஒளிர்வு வெகுவாகக் குறைந்தது. நரம்பணுவின் உடலிலும் அதை ஒட்டிய டென்ட்ரைட்டுகளிலும் (கிளைகளிலும்) கேவி2.1 திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். திசு எடுக்கத் தாமதமாகி ஆக்சிஜன் குறைந்தால், பாஸ்பேட் கழன்று திட்டுகள் கலைந்துவிடும். ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன், திசுவை எவ்வளவு விரைவாக நிலைப்படுத்தினோம் என்று பாருங்கள்.

இப்போது ஆன்டிபாடியின் ஒவ்வொரு புதிய லாட்டையும் (தயாரிப்புத் தொகுதியையும்) முதலில் ஹெச்ஈகே செல்களில் சோதித்துவிட்டு, குளோன் எண்ணையும் லாட் எண்ணையும் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.