14 நிமிடப் படத்துக்கு 18 வாங்கிய கதை

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குத்தான் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மறுநாள் திரையிடல். படித்ததும் கை நடுங்கியது.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் திரைப்படச் சங்கம் நடத்துகிறோம். தணிக்கை பற்றிய மாலை ஒன்றுக்கு 1997-இல் ஸ்டூவர்ட் அர்பன் இயக்கிய ‘ப்ரீச்சிங் டு த பர்வர்ட்டட்’ படத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஒழுக்கம் பேசும் எம்.பி. ஒருவர், ஆதாரம் திரட்ட ஓர் அப்பாவி இளைஞனை ரகசியக் கேமராவோடு ஃபெட்டிஷ் கிளப்புக்குள் (ரப்பர் உடை, சாட்டை போன்றவற்றில் பாலின்பம் காண்போர் கூடும் இடம்) அனுப்பும் நகைச்சுவைப் படம். சம்மதத்தோடு ஒருவரையொருவர் வலிக்கச் செய்த ஆண்கள் தண்டிக்கப்பட்ட ஸ்பானர் வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1993-இல் 3-க்கு 2 என்று தண்டனையை உறுதி செய்தது. 1997-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது. அதே ஆண்டில் இப்படி ஒரு படம் எடுக்கத் துணிச்சல் வேண்டும். அதற்கு பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் 18 சான்றிதழ் (18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்) ஏற்கெனவே உண்டு. திரையிடும் உரிமையும் சுலபமாகக் கிடைத்தது.

கூடவே போட நினைத்த குறும்படத்தில்தான் மாட்டிக்கொண்டோம். லேடெக்ஸ் (மெல்லிய ரப்பர்) உடை தைக்கும் ஒரு தம்பதி பற்றி எங்கள் உறுப்பினர் ஒருவரே எடுத்தது, சான்றிதழ் இல்லாதது. இங்கே தியேட்டரில் கடைசிச் சொல் உள்ளூர் கவுன்சிலுடையது. வாரியம் 18 கொடுத்த ‘க்ராஷ்’ படத்தை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தடுத்தது அந்த அதிகாரத்தில்தான். சான்றில்லாத படத்துக்குக் கவுன்சிலே வயது வகை கொடுப்பதும் அதே அதிகாரத்தில்தான்.

பெரியவர்களுக்கு மட்டும் என்றால் சான்று வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2003 லைசென்சிங் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் புரட்டினேன். அது சிறுவர்களை உள்ளே விடுவது பற்றித்தான் பேசுகிறது. அதை நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டோம். அப்புறம் ஹால் மேலாளர் லைசென்ஸ் நகலை நீட்டினார். வகைப்படுத்தாத எந்தப் படத்தையும் போடக் கூடாது என்று தனி நிபந்தனை! சட்டத்தைப் படிக்கும் முன் உங்கள் ஹாலின் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

28 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் 30 நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் முதல் பதில்: ‘லிங்க் திறக்கவில்லை’. ஏழு நாளில் காலாவதியாகும் லிங்க்கை அனுப்பியிருந்தேன். திரையிடும் நாள்வரை திறக்கும் லிங்க்கையே அனுப்புங்கள்.

அடுத்த பதில்தான் கொதிக்க வைத்தது. இது ஆர்18 வகை (தனி உரிமம் பெற்ற பெரியவர் தியேட்டர்களில் மட்டும் போடக்கூடியது), உங்கள் ஹாலில் போட முடியாது என்று கவுன்சில் அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு வரி. படத்தைப் பார்க்கவே இல்லை. கதைச்சுருக்கத்தில் ‘ஃபெட்டிஷ்’ என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அரை நாள் லீவு போட்டு நேரில் போனால், எல்லாம் மின்னஞ்சலில்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவே உட்கார்ந்து நிமிடவாரியாக எழுதினேன். எந்த நிமிடத்தில் சாட்டை, எங்கே நிர்வாணம், எத்தனை விநாடி, எந்த வசனம் என்று எல்லாம். பாலுணர்வைத் தூண்டுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட படங்களுக்குத்தான் ஆர்18 என்ற வாரியத்தின் சொந்த விளக்கத்தையும் சேர்த்தேன். மூன்றாம் நாள் வேறொரு அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். ஜிப் சிக்கிக்கொள்ளும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொன்னார். அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த அந்த மின்னஞ்சலில் 18 சான்று இருந்தது. சனிக்கிழமை அதன் நகலை ஹால் வாசலில் ஒட்டினோம். அந்தச் சான்று எங்கள் கவுன்சில் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பக்கத்து ஊர்ச் சங்கமும் படத்தைக் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு நிமிடவாரிப் பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன்.