இரண்டு புள்ளி மூன்று மணி நேரம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அறுப்பு மெஷின் ஏஜென்டிடம் சில வருஷம் கணக்கு எழுதினேன். தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் தூக்கம் கிடையாது. ஆத்தூர், சேலம் பக்கத்து மெஷின்கள் லாரியில் வந்து இறங்கும். எது எந்த ஊருக்குப் போகிறது, யார் வயலில் எத்தனை மணி ஓடியது, பாக்கி எவ்வளவு என்று நோட்டில் ஏற்றுவதுதான் என் வேலை.

கலெக்டர் ஆபீஸில் அதிகாரிகள், விவசாயிகள், மெஷின் உரிமையாளர்கள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டு, பெல்ட் மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு, டயர் மெஷினுக்கு இவ்வளவு என்று நிர்ணயிப்பார்கள். அது பேப்பரிலும் வரும். விவசாயிகள் அந்த ரேட்டைப் பிடித்துக்கொண்டு நூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பார்கள். எங்கள் ஏஜென்டும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு, "சரி, உங்களுக்காக" என்பார். ரேட்டில் விட்டதை மணியில் எடுத்துவிடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

மணி எப்போது தொடங்குகிறது? ரோட்டில் லாரியை விட்டு இறங்கும்போதா, வயலில் முதல் கதிரை அறுக்கும்போதா? இதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. வாய்க்காலில் மண் போட்டு வழி பண்ணுவது, நெல்லைக் கொட்ட டிராக்டர் வரும்வரை நிற்பது, சிக்கிய வைக்கோலைப் பிடுங்குவது, டிரைவர் டீ குடிப்பது என்று இன்ஜின் அணையாத நேரமெல்லாம் வாடகைதான். அப்புறம் டிரைவர் பேட்டா, உதவியாளுக்குத் தனியாக, வழி காட்டிய உள்ளூர் புரோக்கருக்கு மணிக்கு இவ்வளவு. இவை எதுவும் பேசிய ரேட்டுக்குள் வராது.

மீட்டர் கதை இன்னும் அழகு. மெஷினில் இருக்கும் மணி மீட்டர் நிமிடம் காட்டாது, பத்தில் ஒரு பங்காகக் காட்டும். ஒரு புள்ளி என்றால் ஆறு நிமிடம். ஆக 2.3 என்பது 2 மணி 18 நிமிடம். டிரைவர் தரும் சீட்டில் அது '2.30' என்று வந்து சேரும். நோட்டில் இரண்டரை மணி. மணிக்கு 2,500 ரூபாய் என்றால், ஓடாத அந்த 12 நிமிடத்துக்கு 500 ரூபாய். 2.8 வந்தால் மட்டும் இந்தக் குழப்பம் வராது. அது நேராக மூன்றாகிவிடும்.

மெஷின்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வருஷத்தில் சில மாத ஓட்டத்தை வைத்துத்தான் அவர்கள் மெஷின் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பாரம் சீட்டில் ஒளிந்து வருவானேன்? ரேட்டிலேயே கேட்கலாமே.

விவசாயி ஏன் சண்டை போடுவதில்லை என்று கேட்பவர்கள் மழை மூட்டத்தில் சாய்ந்து கிடக்கும் நெல்லைப் பார்த்ததில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பார்கள். நெல் நனைந்தால் அது எங்கே, இது எங்கே! அடுத்த வயல்காரர் வேறு வரப்பில் காத்து நிற்பார். மெஷின் பாதி வயலில் இருக்கும்போது யார் கணக்குக் கேட்பது? வேளாண் பொறியியல் துறை மெஷின் வாடகை குறைவுதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வேண்டும். அரசின் உழவன் செயலியைப் பார்த்து உரிமையாளரை நேராகக் கூப்பிட்டவர்களும் உண்டு. ஆனால் வெளியூர் மெஷினுக்கு வயல் வழி காட்ட ஒரு ஆள் தேவைப்படும். அந்த ஆள் பெரும்பாலும் எங்கள் ஏஜென்டுக்கு வேண்டியவராகத்தான் இருப்பார்.

ஒரு அம்மா, ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம், சீட்டோடு என்னிடம் வந்தார். "ஏன் தம்பி, ரெண்டு புள்ளி மூணுன்னா ரெண்டரை மணியா? என் பேரன் இல்லேங்கிறானே." நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏஜென்ட் முனகிக்கொண்டே 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பருவத்தில் அந்த அம்மா, மெஷின் வயலில் இறங்கும்போதும் ஏறும்போதும் பேரனை விட்டு மீட்டரைப் போட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு ரேட்டுல நூறு ரூபா கொறச்சுக்க. போட்டோவெல்லாம் வேணாம்னு சொல்லிடு."

போன் பண்ணிச் சொன்னேன். "ரேட்டு அப்படியே இருக்கட்டும் தம்பி" என்றார்.