ஏரிக்கரைக் கசிவுக்கு மனு போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் ஏரிக்கரையைச் சரிசெய்யும் வேலை முடிந்துவிட்டது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது.

தாம்பரம் பக்கத்தில் எங்கள் ஏரி. கரை மேல் நடைபாதை, பெஞ்சுகள், விளக்குகள். தண்ணீர் இருக்கும் மாதங்களில் பெடல் படகும் உண்டு. ஜனவரியில் ஏரி நிரம்பி நின்றபோது, மதகை ஒட்டி வெளிப்பக்கக் கரையடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அதற்கு நேர் கீழே வீடுகள். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை அங்கே யாரும் மறக்கவில்லை.

மண்கரை என்றால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். தெளிந்த நீராக வந்தால் கண்காணித்தால் போதும். மண்ணோடு வந்தால்தான் ஆபத்து. வெளிப்பக்கம் தொடங்கும் அரிப்பு கரைக்குள் குழாய் மாதிரி நீண்டுகொண்டே போகும். ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் கரை உடைய சில மணி நேரம் போதும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் அழுகிய வேர் எல்லாமே அதற்கு வழி போட்டுக் கொடுக்கும். எங்கள் கரையில் சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டிவிட்டு, அடிக்கட்டையை அப்படியே விட்டிருந்தார்கள். போதாததற்கு நடைபாதைக் கல் வேறு. கரையில் விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த மதகைத் திறந்து மூடிய பெரியவர் ஒருவர் தெருக்கோடியில் இருக்கிறார். அவரிடம்தான் முதலில் கேட்டேன். "ஏம்மா, ஒரு பாட்டில்ல புடிச்சு ஆடாம வச்சிட்டு காலைல பாரு. அடியில வண்டல் நின்னா கரை கரையுதுன்னு அர்த்தம்" என்றார். மறுநாள் காலை பாட்டிலின் அடியில் ஒரு விரல் பருமனுக்குச் செம்மண் படிந்திருந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, கசிவை வீடியோவும் எடுத்து வைத்தேன். நீங்களும் இதையே செய்யுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஆரம்பித்தது அலைச்சல். முதல் அலுவலகத்தில் கிளார்க் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "மேடம், இது எங்க ஏரி இல்ல. அங்க போங்க." அங்கே போனால், "பூங்கா, நடைபாதைதான் எங்களது. கரை அவங்களது" என்றார்கள். ஆன்லைனில் போட்ட புகார் 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒரு வரியோடு முடித்து வைக்கப்பட்டது. எந்த அலுவலர் என்று அதில் இல்லை. கரை உடைந்தால் யார் வருவார்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை.

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல், உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது பழைய வழக்கம். எங்கள் ஆயக்கட்டு முழுவதும் எப்போதோ மனைப்பிரிவாகிவிட்டது. ஊராட்சி மாநகராட்சிக்குள் போய்விட்டது. 2021ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் உதவாது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும்தான். எங்கள் கரை ஐந்து மீட்டர்கூட இல்லை. ஆனால் அது உடைந்தால் மூழ்கப்போகும் வீடுகள் நூற்றுக்கணக்கில்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் கதவைத் திறந்தது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, கரை, மதகு, நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் மூன்றின் பராமரிப்பும் யார் பொறுப்பு, கடைசியாகப் பலப்படுத்திய ஆண்டு எது என்று தனித்தனியாகக் கேட்டேன். 'ஏரி யாருடையது' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், மொட்டையாகத்தான் பதில் வரும். எங்களிடம் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 6(3) பிரிவின்படி உரிய இடத்துக்கு அவர்களே ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும். எழுத்தில் பதில் வந்தது. அதை இணைத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்ததும் ஆய்வுக்கு உத்தரவானது.

ஆய்வுக்கு ஆள் வந்தது மே மாத வெயிலில். தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கி, கசிவு காய்ந்து கிடந்தது. "எங்க மேடம் கசியுது?" என்றார் வந்தவர். வயிறு எரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டில்களைத் தூக்கி வந்து கரை மேல் வரிசையாக வைத்தேன். கூட வந்திருந்த உதவிப் பொறியாளர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துக் குலுக்கினார். நீர்மட்டம் ஏற ஏற வண்டல் கூடியிருப்பதைத் தேதி பார்த்து அவரே கண்டுபிடித்தார். அங்கேயே குறிப்பு எழுதினார்.

அதற்குப் பிறகும் ஒரு கண்டம். வேலைக்கு வந்தவர்கள் கசிந்த இடத்தில் வெளிப்பக்கமாகச் சிமென்ட் பூச ஆரம்பித்தார்கள். அப்படி அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, அழுத்தம் கூடி, வேறு பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். போன் போட்டுப் பொறியாளரை வரவழைத்தோம். பூச்சை உடைக்கச் சொல்லி, முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று வடிகட்டி அமைக்க வைத்தார். தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே தங்கிவிடும். ஏரிப் பக்கம் மதகுச் சுவரை ஒட்டித் தோண்டி, களிமண் போட்டு அடுக்கடுக்காக இடித்துக் கெட்டித்தார்கள். கருவேல வேர்களையும் தோண்டி எடுத்தார்கள்.

இன்னொன்று, உங்கள் ஏரியின் கலங்கலையும் போய்ப் பாருங்கள். எங்களூரில் படகு விடத் தண்ணீர் நிற்கட்டும் என்று அதன்மேல் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். கலங்கலை உயர்த்தினால் பெருமழையில் வெள்ளம் கரை மேலேயே வழியும். மண்கரை அதைத் தாங்காது. மூட்டைகளை எடுத்தாகிவிட்டது. கலங்கலில் வழியும் நீர் ஓடும் போக்குக் கால்வாயின் குறுக்கே நிற்கும் காம்பவுண்டு சுவர் மட்டும் பாக்கி. தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறோம், சர்வேயர் அளக்க வர வேண்டும்.