ஈரலில் பிறந்த ஃபைபர்

உணவுப் பொட்டலத்தின் பின்புறத்திலும், வீட்டுக்குள் வரும் இணையக் கம்பியிலும், பந்தயக் காரின் உடற்கூட்டிலும் ஃபைபர் என்ற ஒரே சொல் புழங்குகிறது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பலியிட்ட விலங்கின் ஈரலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

லத்தீனில் 'ஃபிப்ரா' என்பது இழையைக் குறித்தது. கல்லீரலின் மடலுக்கும் குடலுக்கும்கூட அதுவே பெயர். ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் கலையை ரோமானியர், இத்தாலியில் அவர்களுக்கு முன்பே செழித்திருந்த எட்ருஸ்கர் என்ற இனத்தாரிடமிருந்து கற்றனர். 1877இல் இத்தாலியின் பியாசென்சா அருகே, ஆட்டு ஈரலின் வடிவில் வார்க்கப்பட்ட எட்ருஸ்கரின் வெண்கலத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன் விளிம்பு 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டந்தோறும் தெய்வப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, ஈரலின் மடல்களுக்குத் தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அவர்கள் உற்று நோக்கியதில் வியப்பில்லை. ஃபிப்ராவின் வேர் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்பதோடு அதை இணைப்போரும் உண்டு, பிளத்தலைக் குறிக்கும் 'ஃபிண்டெரே' என்பதோடு இணைப்போரும் உண்டு. மடல்மடலாகப் பிரிந்த ஈரலுக்கும் கிழித்தால் இழையிழையாகப் பிரியும் தண்டுக்கும் பொருந்துவதால், எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, ஈரல் மெல்ல உதிர்ந்தது. தசை, நரம்பு, பஞ்சு, சணல் என மெல்லியதாய் நீண்டிருப்பவை யாவும் ஃபைபர் ஆயின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஒரு படி மேலே போய், தக்க மருத்துவக் காரணமின்றிப் பறக்க இயலாமற்போனவர்களாகக் கருதப்பட்ட வீரர்களின் கோப்பில் 'மனத்திண்மைக் குறைவு' என்ற பொருளில் 'லேக் ஆஃப் மாரல் ஃபைபர்' என்று எழுதியது. மனம் நைந்துபோனவனுக்குச் சூட்டிய கொடுமையான முத்திரை அது.

தமிழ் இந்த வேலையை நார், இழை என்ற இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நார் உரிக்கப்படுவது; அதனால்தான் முடியாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்கிறோம். இழை நூற்கப்படுவது அல்லது நீட்டப்படுவது. உருகிய கண்ணாடியை இழுத்து நீட்டி, 125 மைக்ரான் விட்டமுள்ள மயிரிழையாக்கி அதனுள் ஒளியைச் செலுத்தும்போது, அதை ஒளிநார் என்று சொல்ல நமக்கு நா வருவதில்லை, ஒளியிழை என்கிறோம். கண்ணாடியில் ஒளி மங்குவதற்குக் காரணம் அதிலுள்ள மாசுகளே என்றும், அவற்றை நீக்கினால் தொலைதூரத் தகவல் தொடர்புக்கு அது உதவும் என்றும் 1966இல் காட்டிய சார்லஸ் காவ், 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

பெயர் சற்றும் பொருந்தாமல் நிற்பது நார்ச்சத்துதான். 1953இல் ஹிப்ஸ்லி என்ற மருத்துவர் உணவு ஃபைபர் என்ற தொடரைப் பயன்படுத்தியபோது, தாவரத்தின் செல் சுவரைச் சேர்ந்த செல்லுலோஸ் போன்றவையே கருத்தில் இருந்தன. பின்னர், சிறுகுடலில் செரிக்காத கார்போஹைட்ரேட்டுகள் பலவும் அதில் சேர்ந்துகொண்டன. பழக்கூழைக் கெட்டிப்படுத்தும் பெக்டினை எடுத்துக்கொள்ளுங்கள்: நீரில் கரைந்து கொழகொழப்பாகும் அதில் நாருமில்லை, இழையுமில்லை. ஆயினும் நார்ச்சத்துக் கணக்கில் அதற்கும் இடமுண்டு.

கணினித் துறையில் நிலைமை தலைகீழ். அங்கே 'த்ரெட்' (நூல்) என்பது ஒரு நிரலுக்குள் தனியே ஓடும் வேலை வரிசை; அதைவிட எடை குறைந்த, இயங்குதளம் தலையிடாமல் நிரலே முறைவைத்து ஓட்டுகிற செயல் அலகுக்கு ஃபைபர் என்று பெயரிட்டனர். நூலினும் மெல்லியது என்பது கணக்கு. தமிழில் த்ரெட்டுக்கே இழை என்ற பெயரைச் சிலர் கொடுத்துவிட்டதால், ஃபைபர் அங்கே இன்னும் ஃபைபராகவே எழுதப்படுகிறது.